இமையில் தேடாதீர்கள்

(தருமபுரியில் நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஒரு தோல் மருத்துவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இன்றைக்கு நான் பேசப்போவது உடம்பில் மிகச் சின்ன இடமொன்றைப் பற்றி. கண் இமை. அதில் வருகிற கரப்பான். சீட்டு எழுதும்போது நாங்கள் எக்ஸிமா என்று எழுதுவோம். இமை சிவக்கும், அரிக்கும், செதில் செதிலாக உதிரும், காலையில் எழுந்தால் வீங்கியிருக்கும். நாள்பட்டால் தோல் தடித்து, கறுத்து, சுருக்கம் விழுந்து, முப்பது வயதுப் பெண்ணை ஐம்பது வயதுக்காரியாகக் காட்டும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தூக்கம் போய்விடும். பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னம்மா, அழுதியா?" என்று கேட்பார்கள். அரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தக் கேள்வியைத்தான் பொறுக்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னவர்கள் பலர்.

இதற்கு என்ன மருந்து என்று சொல்ல நான் வரவில்லை. மருந்து போட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். அடுத்த மாதம் திரும்ப வரும். மறுபடி மருந்து, மறுபடி அரிப்பு. ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன், இடையில் எழுந்து பஸ் பிடிக்கப் போகிறவர்கள் அதையாவது எடுத்துக்கொண்டு போகட்டும். இமையில் வந்த கரப்பானுக்குக் காரணத்தை இமையில் தேடாதீர்கள். இமை அடி வாங்கியவன் வீடு. அடித்தவன் பெரும்பாலும் வேறு தெருவில் இருக்கிறான்.

அதென்ன, இமைக்கு மட்டும் அப்படி ஒரு தலையெழுத்து? உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல்தான். சுமார் அரை மில்லிமீட்டர். உள்ளங்கை எதையும் தாங்கும், உச்சந்தலையும் ஓரளவு தாங்கும். இமை தாங்காது. அதோடு அது மடிகிற தோல். படிந்த தூசி, வழிந்த ஷாம்பு, வியர்வை எல்லாம் அந்த மடிப்புக்குள் போய்த் தங்கிவிடும். மூன்றாவதாக நம் கை. 2015-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், வகுப்பில் உட்கார்ந்திருந்த மருத்துவ மாணவர்களை வீடியோ எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 23 தடவை அவர்கள் தங்கள் முகத்தைத் தொட்டிருக்கிறார்கள். கிருமி எப்படிப் பரவுகிறது என்று பாடம் படிக்கிற பிள்ளைகளே இந்த லட்சணம்! நம் கதையைச் சொல்ல வேண்டுமா? நான் பேச ஆரம்பித்ததிலிருந்து இந்த மண்டபத்தில் எத்தனை பேர் கண்ணைத் துடைத்தீர்கள் என்று மேடையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, எங்கே தேடுவது? அதற்கு முன்னால், தேடுகிறவர்களை ஏமாற்றிவிடும் இரண்டு குணங்கள் இந்த ஒவ்வாமைக்கு உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் ஆயுசுக்கும் பிடிபடாது.

முதல் குணம், தாமதம். கத்தி பட்டால் உடனே வலிக்கும். தொடு ஒவ்வாமை அப்படியில்லை. இன்றைக்குப் பட்டால் நாளைக்கோ நாளை மறுநாளோதான் இமை வீங்கும். ஞாயிற்றுக்கிழமை பட்டது செவ்வாய்க்கிழமை கிளம்பும். நாமோ செவ்வாய்க்கிழமை காலையில் என்ன சாப்பிட்டோம், என்ன பூசினோம் என்று யோசித்துக்கொண்டிருப்போம்.

இரண்டாவது குணம், பழகிய பொருளே ஒருநாள் திரும்பிக்கொள்ளும். "புதுசா எதுவும் போடலையே டாக்டர், பத்து வருஷமா இதேதான்" என்று சொல்லாதவர் கிடையாது. பத்து வருஷம் ஒத்துக்கொண்டது என்பது சாட்சி ஆகாது. உடம்பு ஒரு பொருளை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ள வருஷக்கணக்கில் ஆகலாம். கண்டுகொண்டுவிட்டால் பிறகு மறக்காது. அதனால் புதிதாக வந்ததை மட்டும் சந்தேகப்படாதீர்கள், அலமாரியில் நிரந்தரமாகக் குடியிருப்பதையும் சந்தேகப்படுங்கள்.

இப்போது தேடுவோம். முதலில் விரலைப் பாருங்கள்.

தோல் மருத்துவம் படிக்கிற மாணவர்களுக்கு நாங்கள் சொல்லித்தரும் பழைய பாடம் ஒன்று உண்டு. இமையில் எக்ஸிமாவோடு ஒரு பெண் வந்தால் முதலில் நகத்தைப் பார். நெய்ல் பாலிஷில் படலம் உருவாவதற்காகச் சேர்க்கிற டோசிலமைடு ஃபார்மால்டிஹைடு ரெசின் என்ற பொருள் பல காலமாக இமைக் கரப்பானை உண்டாக்கி வந்திருக்கிறது. நகத்தைச் சுற்றி ஒன்றும் இருக்காது, விரல் சுத்தமாக இருக்கும். நகம் போய்ப் போய்த் தொட்ட இமையும் கழுத்தும்தான் சிவந்திருக்கும். பல கம்பெனிகள் இப்போது இந்தப் பொருளை விட்டுவிட்டன. ஆனால் அதன் இடத்துக்கு ஜெல் பாலிஷ் வந்திருக்கிறது. அதில் உள்ள அக்ரிலேட்டுகளும் இதே வேலையைச் செய்கின்றன. பார்லரில் பிறருக்குப் போட்டுவிடுகிற பெண்களுக்கு இது இன்னும் அதிகம்.

விரல் என்றால் பாலிஷ் மட்டுமா? தலைவலிக்கு நெற்றியில் தைலம் தேய்த்த விரல், பூண்டு உரித்த விரல், மாங்காய்ப் பால் பட்ட விரல், மூட்டுவலி ஜெல் தடவிய விரல் எல்லாம் கணக்கில் சேர்த்தி. தடவிய இடத்தில் ஒன்றும் ஆகாமல், போகிற வழியில் தொட்ட இமையில் கிளம்புவதுதான் இதன் விசித்திரம்.

அடுத்து, தலையைப் பாருங்கள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பெரிய குற்றவாளி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். தலைச்சாயம். ஹேர் டை.

கறுப்புச் சாயங்கள் பெரும்பாலானவற்றில் பிபிடி என்கிற பாராஃபினைலீன் டையமைன் இருக்கும். தலைமுடி கறுப்பதே அதனால்தான். உச்சந்தலைத் தோல் அதைத் தாங்கிக்கொள்ளும். நெற்றியோரம், காதுமடல், பிடரி, முக்கியமாக இமை, இவை தாங்காது. சாயம் பூசிய மறுநாளோ அதற்கு மறுநாளோ இரண்டு கண்ணும் திறக்க முடியாத அளவுக்கு வீங்கிப்போய் வருகிறவர்கள் உண்டு. பூச்சி கடித்துவிட்டது என்பார்கள். நான் காதைத்தான் மடக்கிப் பார்ப்பேன். காதுமடலின் மேல்விளிம்பில் நீர் கோத்துச் சிவந்திருந்தால், பூச்சிக்கு அங்கே என்ன வேலை?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். மாதம் ஒருமுறை இமை வீங்கும். வீட்டுக்காரம்மா சொன்னார், "அமாவாசைக்கு அமாவாசை வருதுங்க டாக்டர்." நாட்காட்டியை எடுத்துப் பார்த்ததில் விஷயம் வேறு. அமாவாசைக்கு வீட்டில் எல்லோரும் தலைக்குக் குளிப்பார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் மீசைக்கும் தலைக்கும் சாயம் அடித்துவிடுவார். "சார், டையை நிறுத்துங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "நான் அமோனியா இல்லாததுதான் டாக்டர் போடறேன்" என்றார்.

தாய்மார்களே, அண்ணன்மார்களே, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். அமோனியா இல்லை என்றால் பிபிடி இல்லை என்று அர்த்தமில்லை. அமோனியா வேறு, பிபிடி வேறு. அமோனியா கண்ணைக் கரிக்கும், மூக்கில் ஏறும், அவ்வளவுதான். இமையை வீங்க வைப்பது மற்றவன். பாக்கெட்டின் முன்பக்கத்தில் இலையும் பூவும் போட்டு ஹெர்பல் என்று எழுதியிருக்கும். திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் பாராஃபினைலீன் டையமைன் இருக்கும். கறுப்பு மருதாணி என்று விற்கிறார்களே, அதுவும் இப்படித்தான். மருதாணி இலை கறுக்காது, சிவக்கும். பத்து நிமிஷத்தில் கருகருவென்று பிடிக்கிறது என்றால் அதில் மருதாணியைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது. கல்யாண வீட்டில் கையில் கறுப்பு மெஹந்தி போட்டுக்கொண்டு கொப்பளித்த பெண், பல வருஷம் கழித்து முதன்முதலாகத் தலைச்சாயம் பூசும்போது இமை வீங்கி நிற்பாள். உடம்பு மறக்காது என்று சொன்னேனே, அதுதான் இது.

தலையிலிருந்து வழிவது ஷாம்புவும்தான். அதில் கெடாமல் இருப்பதற்காகச் சேர்க்கும் மெத்தில் ஐசோதயாசோலினோன் என்ற பொருளை அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-இன் 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. நல்ல விருது! பூசி அப்படியே விட்டுவிடும் கிரீம்களில் இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை போட்டது. ஷாம்புவில், ஈரத் துடைப்புத் தாளில், சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயின்ட்டில்கூட இது இருக்கும். புதுவீடு குடிபோன மாதத்திலிருந்து இமை அரிக்கிறது என்று யாராவது சொன்னால், கண்ணேறு என்று பூசணிக்காய் உடைப்பதற்கு முன்னால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பெயின்ட் காய்ந்த பிறகும் சில வாரங்கள் வரை அது காற்றில் கலந்துகொண்டிருக்கும்.

காற்று என்று சொல்லிவிட்டேன். அடுத்தது அதுதான். காற்றைப் பாருங்கள்.

ஊதுவத்தி, கொசுவத்தி, சாம்பிராணி, அறையில் அடிக்கிற ஸ்பிரே எல்லாம் வரிசையில் நிற்கின்றன. ஆனால் நம் மாவட்டத்தில் எனக்கு முதல் சந்தேகம் பார்த்தீனியத்தின் மேல்தான். 1950-களின் நடுவில் புணே பக்கம் முதலில் கண்ணில் பட்ட களை. வெளிநாட்டுக் கோதுமையோடு வந்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கு ரயில் பாதை ஓரம், காலி மனை, தரிசு நிலம் எங்கும் வெள்ளைப் பூவோடு நிற்கிறது. செடியைத் தொடவே வேண்டாம். காய்ந்த செடியின் துகளும் பூந்தாதும் காற்றில் வந்து இமையில் உட்கார்ந்தால் போதும். காட்டு வேலை செய்கிற பெரியவர்களுக்கு முகம், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் கறுத்துத் தடித்துப் போயிருக்கும். "வெயில் ஒத்துக்கலை சாமி" என்பார்கள். வெயிலா, தூசியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தாடையைத் தூக்கச் சொல்லி அடியில் பாருங்கள். காதுக்குப் பின்னால் பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி இமை மடிப்பைப் பாருங்கள். அங்கெல்லாம் வெயில் அவ்வளவாகப் போகாது. தூசி போகும். அங்கேயும் சிவந்து தடித்திருந்தால் காற்றில் வருவதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதில் இன்னொரு முடிச்சு. சாமந்திப்பூ இதே செடிக் குடும்பம். பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்குச் சாமந்தியும் ஒத்துக்கொள்ளாது. சாமந்தி விளைகிற மண் இது. ஆயுத பூஜை வந்தால் வீட்டுத் திண்ணையெல்லாம் மஞ்சள் குவியல். பூக்கட்டுகிற அக்காமார்களுக்கு அந்த வாரம் முழுவதும் விரல் நுனி வெடிப்பதும் இமை அரிப்பதும் ஏன் என்று இப்போது புரிகிறதா? பூவைக் கட்டாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது, அது அவர்கள் பிழைப்பு. விரலுக்கு உறை, கட்டி முடித்ததும் முழங்கை வரை கழுவுவது, கழுவாத கையால் முகம் துடைக்காமல் இருப்பது, முந்தானையால் கண்ணைத் துடைக்காமல் இருப்பது. அந்த முந்தானையில்தான் அன்றைய பூவின் தூள் முழுக்க இருக்கிறது.

சரி, கையும் சுத்தம், தலையும் சுத்தம், காற்றும் சுத்தம். இன்னும் அரிக்கிறதா? பக்கத்தில் படுத்திருப்பவரைப் பாருங்கள். கணவருடைய சென்ட், மீசைச் சாயம், மகளுடைய தலைக்குப் போடும் சீரம், பேரனுக்குப் பூசிய எண்ணெய், எல்லாம் தலையணை உறை வழியாக வரும். ஒரு பக்க இமையில் மட்டும் வருகிறது என்றால், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறீர்கள் என்று நான் கேட்பது அதனால்தான். வம்புக்காக இல்லை.

கடைசியாக மருந்துப் பெட்டி. கடைசியாகச் சொன்னாலும் இதைத்தான் நான் மிகவும் கோபத்தோடு சொல்கிறேன்.

இமை அரித்தால் நாம் என்ன செய்கிறோம்? மெடிக்கல் ஷாப்புக்குப் போய் "கண்ணு அரிக்குதுங்க, ஏதாச்சும் ஆயின்மென்ட் குடுங்க" என்கிறோம். அவர் கொடுக்கிற டியூபில் ஸ்டீராய்டு ஒன்று, பூஞ்சை மருந்து ஒன்று, கிருமி மருந்து ஒன்று, மூன்றும் கலந்திருக்கும். கிருமி மருந்து நியோமைசினாகவோ ஜென்டமைசினாகவோ இருந்தால் அவையே ஒவ்வாமை உண்டாக்கக்கூடியவை. ஸ்டீராய்டு அந்த ஒவ்வாமையை அமுக்கி வைக்கும். நிறுத்தினால் பொங்கும். பொங்கினால் மறுபடி பூசுவோம். இமையில் மாதக்கணக்கில் வீரியமான ஸ்டீராய்டு பூசினால் தோல் காகிதமாக மெலியும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். புரை விழும். மருத்துவர் சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய மருந்துகள் இவை. நம் ஊரில் சாக்லேட் மாதிரி வாங்க முடிகிறது.

கண் சொட்டு மருந்தும் இதில் சேர்த்தி. அதற்கு ஓர் அடையாளம் உண்டு. கீழ் இமையில் தொடங்கி, சொட்டு வழிகிற தடத்திலேயே கன்னத்தில் சிவப்பு இறங்கும். மருந்தோ அதைக் கெடாமல் வைத்திருக்கும் பென்சல்கோனியம் குளோரைடோ காரணமாக இருக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. கண் அழுத்தத்துக்குப் போடுகிற சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கண் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள், மாற்று மருந்து தருவார். அரிப்புக்குப் பயந்து பார்வையை இழக்கக் கூடாது.

"அப்ப இயற்கையா ஏதாச்சும் பூசலாமா?" என்று கேட்பீர்கள். வேப்பிலை அரைத்துப் போடுவது, நாமக்கட்டி உரைத்துப் பூசுவது, எலுமிச்சைச் சாறு, ஏதோ ஒரு வாசனை எண்ணெய். புண்ணான அரை மில்லிமீட்டர் தோலுக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து ஐந்து நிமிஷம் வையுங்கள். வாசனையில்லாத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியை இமையின் வெளிப்பக்கம் மெல்லப் பூசுங்கள். போதும்.

கண் மையையும் ஸ்டிக்கர் பொட்டையும் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவை எல்லோரும் முதலிலேயே சந்தேகப்படுகிற ஆட்கள், அதனால் நான் நேரம் செலவழிக்கவில்லை. பொட்டுப் பசையால் நெற்றித் தோல் வெளுத்தால் உடனே நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

ஆனால் கத்திரிக்காய்க்காக ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். கரப்பான் என்று சொன்னதும் வீட்டில் கத்திரிக்காய் நிற்கும், கருவாடு நிற்கும். ஏதோ ஒரு லேபில் ஆயிரக்கணக்கில் செலவழித்து ரத்தம் எடுத்து, முப்பது நாற்பது உணவுப் பெயர் அச்சடித்த தாளோடு வருவார்கள். பெரியவர்களுக்கு இமையில் மட்டும் வரும் எக்ஸிமாவுக்குச் சாப்பாடு காரணமாவது அபூர்வம். தோலில் படுகிற பொருளின் ஒவ்வாமையை அந்த ரத்தப் பரிசோதனை காட்டவும் காட்டாது. கத்திரிக்காயைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். தாளித்த கையைக் கழுவிவிட்டு முகத்தைத் தொடுங்கள்.

பிறகு எதுதான் காட்டும்? பேட்ச் டெஸ்ட். 1895-இல் யாடசோன் என்ற ஜெர்மானிய மருத்துவர், பாதரசம் பட்டுத் தோல் வெடித்த நோயாளிக்கு அதே பொருளை ஒரு சின்ன இடத்தில் ஒட்டி மறுபடி வரவழைத்துக் காட்டினார். அன்றிலிருந்து அடிப்படை மாறவில்லை. சந்தேகப் பொருள்களைத் துளித்துளியாக முதுகில் ஒட்டுவோம். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்போம். நாலாம் நாள் மறுபடி பார்ப்போம். எந்தப் புள்ளி சிவந்து தடிக்கிறதோ அதுதான் ஆள். இந்தியாவுக்கென்று தொகுத்த வரிசையில் பார்த்தீனியமும் இருக்கிறது. நீங்கள் பயன்படுத்துகிற கிரீமையும் பாட்டிலோடு கொண்டுவந்தால் சேர்த்து ஒட்டலாம். ஒரே சங்கடம், அந்த நாட்களில் முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கவும் கூடாது. சித்திரை வைகாசியில் நம் ஊரில் நடக்கிற காரியமா? மார்கழி, தை மாதங்களில் வாருங்கள்.

அதற்கு முன்னால் வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மூன்று வாரம் முகத்துக்கும் தலைக்கும் நகத்துக்கும் எதுவும் கிடையாது. வெறும் தண்ணீர், வாசனையில்லாத சோப்பு. இமை தெளிந்த பிறகு, வாரத்துக்கு ஒரு பொருள் வீதம் திரும்பச் சேருங்கள். கிரீம் மாதிரிப் பூசிவிட்டுக் கழுவாமல் விடுகிற பொருளாக இருந்தால் முழங்கை உள்மடிப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, காலை மாலை, பத்து நாள் பூசிப் பாருங்கள். அங்கே சிவக்காதது இமைக்குப் போகட்டும். சோப்பு, ஷாம்பு, சாயத்தை இப்படிச் சோதிக்காதீர்கள், யாருக்கும் எரியும். தினமும் ஒரு வரி எழுதி வையுங்கள். அரித்த நாளை மட்டும் எழுதாமல் அதற்கு முந்தின இரண்டு நாளில் என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

கண் வலித்தால், பார்வை மங்கினால், காய்ச்சல் வந்தால், கொத்தாகக் கொப்புளம் கிளம்பினால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். செதில் இல்லாமல் கண் இமையும் உதடும் திடீரென்று வீங்கி மூச்சு முட்டினால் அந்த நிமிஷமே.

ஒரு சீட்டு மேடைக்கு வந்திருக்கிறது. "டை ஒத்துக்காதுன்னு டெஸ்ட்ல வந்துடுச்சு. தையில பொண்ணு கல்யாணம். என்ன செய்யறது?" எழுதியவர் பெயர் போடவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா, பிபிடி உள்ள எந்தச் சாயமும் இனி உங்களுக்கு இல்லை, மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் இல்லை. பிபிடி இல்லை என்று அட்டையில் எழுதி விற்பதில்கூட அதன் பங்காளியான பிடிடி என்கிற வேறொரு சாயப்பொருள் இருக்கலாம். அதுவும் பலருக்குச் சேராது, வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். கலப்பில்லாத மருதாணி இலையை வீட்டிலேயே அரைத்துப் போடலாம், முடி செம்பட்டையாகும், கறுக்காது. பார்லர் பெண்ணிடம் கல்யாணத்துக்கு முந்தின நாள் சொல்லாதீர்கள், இப்போதே சொல்லிவையுங்கள். கைக்கு மெஹந்தி போடுகிறவரிடமும் சொல்லுங்கள். சம்பந்தி வீட்டார் நரையைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும், அவர்களில் பாதிப் பேர் டை அடித்துக்கொண்டுதான் வருவார்கள். அடுத்த சீட்டு யாருடையது?